ஞாபகமறதிக் கணக்கெடுப்புக்கு உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்களா? நடந்ததைச் சொல்லுங்கள்

மருமகள், செங்கம் பக்கம்:

எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அத்தைக்கு அப்போது 74 வயது, பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர்கள். வந்த பெண் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டதற்கு "அமாவாசை போய் மூணாம் நாள்" என்றார்கள். காலண்டரைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் என்னைத் தனியாகத் திண்ணையில் உட்கார வைத்துக் கேட்டார். காசு எண்ணிக் கொடுப்பார்களா, சேலையைத் தானே கட்டிக்கொள்வார்களா, முன்பு செய்துகொண்டிருந்த வேலை எதையாவது விட்டுவிட்டார்களா என்று. எல்லாவற்றுக்கும் "நல்லாத்தான் இருக்காங்க, வயசாச்சு இல்ல, அப்பப்போ மறக்கும்" என்றே சொன்னேன். பொய் இல்லை, அப்படித்தான் நம்பினேன். நடுவில் அத்தை உள்ளே இருந்து குரல் கொடுக்க, எழுந்து போய் வெற்றிலைக் காம்பைக் கிள்ளி, முதுகுப் பக்கம் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண் பார்த்துக்கொண்டே இருந்தார். "எப்பலேர்ந்து நீங்க மடிச்சுத் தர்றீங்க?" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அத்தை தன் வெற்றிலைப் பெட்டியை வேறு யாரையும் தொட விடாதவர்கள். ஒருநாள் சுண்ணாம்பை அள்ளி அப்பிக்கொண்டு வாயெல்லாம் வெந்துபோனது, அன்றைக்குப் பெட்டியை நான் வாங்கி வைத்தேன், அதோடு அது என் வேலையாகிவிட்டது. அதற்கும் ஞாபகத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

களப்பணியில் இருந்தவன்:

அக்கா, பாதி வேலையே அந்தத் திண்ணைக் கேள்விகள்தான். 1998-ல் கொச்சியில் நடந்த ஒரு கூட்டத்தில் 10/66 என்று ஒரு ஆய்வுக் குழு உருவானது. டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றி இல்லை என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். ஏழு நாடுகளில் கிட்டத்தட்ட 15,000 முதியவர்களைப் பார்த்தார்கள், நம் சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதில் உண்டு. 2008-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் வரையறைப்படி கணக்கிட்டால் கியூபாவில் 6.3 சதவீதம், நம் கிராமத்தில் வெறும் 0.3. நம் ஊர்க் கிழவிகளுக்கு மறதியே வராது என்றா அர்த்தம்? அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டிருக்கிறது என்று வீட்டார் சொன்னால்தான் அந்த வரையறையில் நோயென்று சேரும், நாமோ வேலையைக் கையிலிருந்து வாங்கிச் செய்துவிட்டு "நல்லாத்தான் இருக்காங்க" என்போம். குழு தானே வகுத்த முறையில் பார்த்தபோது எந்த ஊரிலும் 5 சதவீதத்துக்குக் கீழே போகவில்லை.

கேள்விகளும் லேசில் அமையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் ஒரு வாக்கியம் எழுதுங்கள் என்று கேட்க முடியாதே. ஹரியானாவில் பல்லப்கட் பக்கம் இந்தியில் ஒரு சோதனையைத் தயாரித்தவர்கள், அதற்குப் பதிலாக உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். எனக்கு மறக்காத ஒன்று: வீட்டில் தனியாக இருந்த மூன்று பிள்ளைகள், வீடு தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர் பின்பக்க ஜன்னல் வழியாக ஏறிக் காப்பாற்றினார் என்று ஒரு கதை சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வோம். ஒரு பாட்டி பதறிப்போய் "பிள்ளைங்களைத் தனியா விட்டுட்டு ஆத்தாக்காரி எங்கடா போனா?" என்று என்னைத் திட்டினார். கதை அவருக்குப் புரிந்திருந்தது, திருப்பிச் சொல்லத்தான் மனமில்லை. தாளில் அதைக் குறிக்க இடமில்லை, எனக்கு இன்றும் அது உறுத்துகிறது.

மகன், கும்பகோணம்:

எங்கள் வீட்டில் தலைகீழ். அப்பா கணக்கு வாத்தியார். நூறிலிருந்து ஏழு ஏழாக மடமடவென்று கழித்துக் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கினார். அதே வாரம் காய்கறி வாங்கப் போனவர் நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நின்றார், பூக்காரம்மாதான் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்.

களப்பணியில் இருந்தவன்:

ஆமாம் சார், படித்தவர்கள் கேள்வித்தாளைத் தாண்டிவிடுவார்கள், அதனால்தான் ஒரே மதிப்பெண்ணை எல்லாருக்கும் கோடாக வைப்பதில் சிக்கல். 2023-ல் வெளியான இந்திய ஆய்வில் 4,096 பேரை விரிவாகச் சோதித்து, 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது என்று கணித்தார்கள், நாடு முழுக்க 88 லட்சம் பேர். பெண்களிடமும் கிராமங்களிலும் அதிகம்.

மருமகள், செங்கம் பக்கம்:

சில வருடம் கழித்து இரண்டாவது முறையும் வந்தார்கள், வேறொரு பையன். அவர் நோட்டைத் திறப்பதற்கு முன்பே, "தம்பி, முதல்ல இதை எழுதிக்கோங்க" என்று வெற்றிலைப் பெட்டியை எடுத்துக் காட்டினேன்.