ஸ்லாவிய மொழிகளில் கை: 'ருக்கா' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

கேள்வி:
வணக்கம். ரஷ்ய மருத்துவ அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'ருக்கா' முறிந்துவிட்டதாக நோயாளி சொல்ல, மருத்துவர் 'ப்ளெச்சோ' முறிந்தது என்று எழுதியிருக்கிறார். அகராதி முதற்சொல்லுக்குக் கை என்றும் அடுத்ததற்குத் தோள் என்றும் பொருள் தருகிறது. ஆனால் எக்ஸ்ரே குறிப்பில் முறிவு முழங்கைக்குச் சற்று மேலே இருப்பதாகக் காண்கிறது. தோள் என்று எழுத மனம் ஒப்பவில்லை. போலிஷ், பல்கேரியம் போன்ற உறவுமொழிகளிலும் இப்படித்தானா என்று அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மருத்துவர் சரியாகவே எழுதியிருக்கிறார். 'ப்ளெச்சோ' அன்றாடப் பேச்சில் தோளையும், உடற்கூற்றியலில் தோள்மூட்டிலிருந்து முழங்கை வரையுள்ள பகுதியையும் குறிக்கும். ஆகவே 'மேற்கை எலும்பு முறிவு' என்று எழுதுங்கள். முன்கைக்குப் 'ப்ரெத்ப்ளேச்சியெ' என்றும், மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரையுள்ள பகுதிக்குக் 'கீஸ்த்' என்றும் சொற்கள் உண்டு; திராட்சைக் குலைக்கும் ஓவியரின் தூரிகைக்கும் அதே 'கீஸ்த்' தான். 'ருக்கா'வோ நம் 'கை'யைப் போல இவை அனைத்தையும் அடக்கியது. ஆங்கிலத்தில் முழுக்கைக்கு 'ஆர்ம்', மணிக்கட்டுக்குக் கீழே 'ஹேண்ட்' என்று இரு சொற்கள் இருப்பதால், அதன் வழியாக ரஷ்யம் படிப்பவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தமிழிலிருந்து நேரே போகிறவருக்கு அந்தத் தடுமாற்றம் வேண்டியதில்லை. போலிஷ் அறிக்கை கைக்கு வந்தால் 'ராமியெ' என்ற சொல்லில் கவனம் வையுங்கள்: வழக்கில் தோளுக்கும் கைக்கும் பொதுவாக வரும் அது, மருத்துவத்தில் மேற்கையை மட்டுமே குறிக்கும்.

மறுமொழி 2:
உறவுமொழிகளைப் பற்றிக் கேட்டீர்கள். ரஷ்யம், உக்ரைனியம், செக், செர்பியம் ஆகியவற்றில் 'ருக்கா', ஸ்லோவேனியத்தில் 'ரொக்கா', மாசிடோனியத்தில் 'ரக்கா', போலிஷில் 'ரெங்கா'. மூலமொழியில் முதல் உயிர் மூக்கொலியோடு ஒலித்தது; அந்த மூக்கொலியைப் போலிஷ் இன்றும் காத்துவருகிறது, மற்றவை இழந்து வெவ்வேறு உயிர்களில் வந்து நின்றன. 1056-57இல் பழைய ரஷ்ய நிலத்தில், பழைய ஸ்லாவியத் திருச்சபை மொழியில் எழுதப்பட்ட ஓஸ்த்ரோமிர் நற்செய்திக் கையெழுத்துப் படியில், மூக்கொலி உயிருக்குரிய எழுத்து வரவேண்டிய இடங்களில் எழுத்தர் சில வேளை 'உ'கர எழுத்தை இட்டிருக்கிறார். அவருடைய பேச்சில் அந்த ஒலி ஏற்கெனவே மறைந்திருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பல்கேரியத்தில் ஒலி மாறிய பின்னும் அந்தப் பழைய எழுத்து நீடித்தது. 1945ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம்தான் அதை நீக்கியது.

மறுமொழி 3:
சொல்லின் பிறப்பையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஸ்லாவியத்துக்கு நெருங்கிய பால்டியக் கிளையைச் சேர்ந்த லித்துவேனியத்தில் கை 'ரங்கா'; 'ருக்கா'வின் உறவுச்சொல் அது. 'பொறுக்கிச் சேர்த்தல்' என்ற பொருளுடைய 'ரிங்க்தி' என்னும் வினையோடு அது உறவுடையது. அதாவது ஸ்லாவிய, பால்டிய மக்கள் கையை அதன் தொழிலால் அழைத்தார்கள். இம்மொழிகளுக்கும் கிரேக்கத்துக்கும் வடமொழிக்கும் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பியத்தில் கைக்கு இருந்த பழைய சொல் கிரேக்கத்தில் 'கேயிர்' என்று நின்றது. நாம் நட்சத்திரப் பெயராக அறிந்த அஸ்தம், வடமொழி 'ஹஸ்த' வழியே, அதே வேரைச் சேர்ந்தது. ஸ்லாவியத்தில் புதிய சொல் அதன் இடத்தை முழுவதும் பிடித்துக்கொண்டது. லித்துவேனியத்தில் மட்டும் அக்குளைக் குறிக்கும் சொல்லுக்குள் பழைய வேர் ஒளிந்திருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. 'மேற்கை' என்றே திருத்திவிட்டேன். இன்னொரு ஐயம்: போலிஷில் 'ரெங்கா'வின் பன்மை 'ரென்த்ஸெ' என்று வருகிறதே, வழக்கமான பன்மை விகுதி ஏன் இல்லை?

மறுமொழி 3:
அது பன்மையாகப் பிறந்த வடிவமே அன்று. இரண்டைக் குறிக்கும் இருமை எண் இருந்த காலத்து வடிவம். போலிஷில் இருமை வழக்கொழிந்தாலும், இரண்டிரண்டாக அமைந்த உறுப்புகளில் அது பன்மையின் வேலையை ஏற்றுத் தங்கிவிட்டது. 'கையில்' என்பதற்கு வழங்கும் 'வ் ரெங்கு' என்பதும் பழைய இருமையே. பேசுவோர் அதை ஒருமையாகக் கொண்டுவிட்டதால், பெண்பாற்சொல்லான கைக்கு முன்னே 'வலது' என்ற அடையை ஆண்பால் வடிவில் இட்டு 'வ் ப்ராவிம் ரெங்கு' என்கிறார்கள்.