புதுப்பிப்பு: அமெரிக்காவுக்கு அஞ்சல்தலைகள் அனுப்புவது

800 டாலர் வரையிலான சரக்குகளுக்கு இருந்த வரிவிலக்கை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நீக்கியதையும், அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அங்கே பொதிகள் அனுப்புவதை நிறுத்தியதையும் முன்பு எழுதியிருந்தேன். அக்டோபர் 15 அன்று அந்தச் சேவை மீண்டும் தொடங்கியது. ஆனால், அறிவிக்கப்பட்ட மதிப்பில் 50 விழுக்காட்டை வரியாகப் பதிவின்போதே அனுப்புநரிடம் வசூலிக்கும் முறையும் உடன் வந்தது.

சேகரிப்புக்குரிய அஞ்சல்தலைகள் சுங்க அட்டவணையில் 9704 என்னும் தலைப்பின்கீழ் வருகின்றன. அமெரிக்காவின் வழக்கமான பட்டியலில் அவற்றுக்கு வரியே கிடையாது. ஆயினும், அஞ்சல் வழியில் பொருளின் வகையைப் பாராமல் நாட்டின் அடிப்படையில் ஒரே விகிதத்தில் வரி கணக்கிடப்பட்டதால், 40 டாலருக்கு விற்ற சுதேச சமஸ்தான அஞ்சல்தலைகளுக்கு 20 டாலர் வரி சேர்ந்தது. விலை மிகுந்த அரிய தலையை முறையான சுங்க ஆவணங்களுடன் கூரியரில் அனுப்பும் செலவை அதன் விலையே தாங்கிக்கொள்ளும். அடிபட்டவர்கள் சிறு விற்பனையாளர்களே. நூறு டாலர் வரையிலான அன்பளிப்புகளுக்கு விலக்கு உண்டு என்றாலும், விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதுவது (சிலர் யோசனை சொன்னீர்கள்) பொய் அறிவிப்பாகும். நான் அதைச் செய்யப்போவதில்லை. பரிமாற்றமாக அனுப்பும் தலைகளுக்கும் உண்மையான மதிப்பையே குறிப்பிடுகிறேன்.