பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் ஆராதனை: போய்ப் பார்த்தவர்கள் சொல்வது

பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்பது பழைய முறைகளைக் கடைப்பிடிக்கும் ஓர் அமெரிக்க பாப்டிஸ்ட் கிறிஸ்தவப் பிரிவு. அதன் ஆராதனையைப் பற்றிப் பலர் எழுதிய பதிவுகள் இவை. அமெரிக்காவின் ஜார்ஜியா, வட கரோலினா கிராமப்புறங்களில் இந்தச் சபைகளுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது இல்லாதவைதான். பியானோ இல்லை, பாடகர் குழு இல்லை, ஞாயிறு பள்ளி இல்லை. பல இடங்களில் காணிக்கைப் பையும் சுற்றி வராது. புதிய ஏற்பாட்டில் முன்மாதிரி காட்ட முடியாத எதையும் ஆராதனைக்குள் விடக் கூடாது என்பதே அவர்களுடைய அளவுகோல். மற்றதெல்லாம் அதிலிருந்து வருகிறது.

சபையில் பிரசங்கம் செய்து வழிநடத்தும் மூப்பருக்கு மாதச் சம்பளம் கிடையாது. விவசாயமோ வேறு தொழிலோ செய்து பிழைப்பார். கொடுக்க நினைப்பவர்கள் டீக்கனிடம் (சபைப் பணிகளில் உதவுபவர்) தனியாகக் கொடுப்பார்கள். கூட்டம் முடிந்து கைகுலுக்கும்போது மூப்பர் கையில் மடித்த நோட்டை வைப்பவர்களும் உண்டு. இறையியல் கல்லூரிப் படிப்பை யாரும் கேட்பதில்லை. அவரை ‘ரெவரெண்ட்’ என்று அழைக்காதீர்கள், ‘எல்டர்’ என்று சொல்லுங்கள். ‘ரெவரெண்ட்’ என்ற பட்டம் கடவுளுக்கே உரியது என்பது அவர்கள் எண்ணம்.

———

பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன். 1841-இல் அலபாமாவைச் சேர்ந்த பெஞ்சமின் லாயிட் தொகுத்த பாட்டுப் புத்தகத்தை இன்றும் சில சபைகள் பயன்படுத்துகின்றன. அதில் சொற்கள் மட்டும்தான், இசைக்குறிப்பு இல்லை. அடிகள் 8, 6, 8, 6 அசை என்று அமைந்திருந்தால், அந்த அளவுக்குப் பொருந்தும் எந்த மெட்டிலும் அதைப் பாடலாம். எந்த மெட்டு என்பதைப் பாட்டைத் தொடங்குபவர் தீர்மானிப்பார். சுருதி கூட்ட வாத்தியம் இல்லாததால் அவர் உயரத்தில் எடுத்துவிட்டால் மூன்றாம் அடியில் எல்லாருக்கும் தொண்டை அடைக்கும். நிறுத்தி, இறக்கி, மறுபடி தொடங்குவார்கள். அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை.

கென்டக்கியின் கிழக்குப் பகுதியில் ‘ஓல்டு ரெகுலர் பாப்டிஸ்ட்’ என்று இன்னொரு பிரிவு உண்டு. அங்கே ஒருவர் அடியை வேகமாகச் சொல்ல, சபை அதையே நீட்டி இழுத்துப் பாடும். புத்தகம் அரிதாக இருந்த காலத்து வழக்கம் இது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

———

சபையார் ஒருவர் காலை ஒருவர் கழுவும் வழக்கத்தைப் பற்றி இங்கே யாரும் இன்னும் விரிவாக எழுதவில்லை. அதை ஓரமாக ஒதுக்கிவிடக் கூடாது. இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதைச் சொல்லும் யோவான் 13-ஆம் அதிகாரத்தை அவர்கள் நேரடிக் கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

கால் கழுவுதல் நடப்பது திருவிருந்தை (இயேசுவின் நினைவாக அப்பமும் மதுவும் பகிர்வது) அடுத்து. பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறை அல்லது இருமுறைதான் திருவிருந்து. ஈஸ்ட் சேர்க்காமல் மெல்லியதாகச் சுட்ட அப்பம், புளித்த திராட்சை மது. பந்தியில் கை நீட்டுவது அதே விசுவாசமும் ஒழுங்கும் உடைய சபையார் மட்டுமே. விருந்தினர் பின்பெஞ்சில் அமர்ந்து பார்க்கலாம்.

அது முடிந்த கையோடு ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக எதிரெதிரே உட்காருவார்கள். அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் பாதிக்கும் கீழே இருந்தால் போதும். நிறைய ஊற்றினால் இரண்டு பாதமும் இறங்கியதும் வழிந்து மரத்தரை வழுக்கும். துண்டு நீளமானதாக இருக்க வேண்டும். இடுப்பில் முடிந்தபிறகு தொங்கும் முனையால்தான் எதிரில் இருப்பவர் பாதத்தைத் துடைக்க வேண்டும். சின்னத் துண்டென்றால் இழுக்கும்போது முடிச்சு அவிழ்ந்துவிடும். மண்டியிட்டு ஒவ்வொரு காலாகக் கையால் தண்ணீர் அள்ளி ஊற்றித் துடைப்பார்கள். பிறகு எழுந்து தழுவி, துண்டை மற்றவரிடம் கொடுத்து இடம் மாறுவார்கள். அவ்வளவு நேரமும் பாட்டு நடக்கும். மனத்தாங்கல் இருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய்க் கழுவுவதும் உண்டு. இதைப் பார்த்துவிட்டு வெறும் அடையாளச் சடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

———

மேலே சொன்ன மனத்தாங்கலுக்குத் தனி ஒழுங்கே இருக்கிறது. ஞாயிறு ஆராதனைக்கு முந்தின சனிக்கிழமை சபை அலுவல் கூட்டம் நடக்கும். அதில் ‘சபை சமாதானமாக இருக்கிறதா?’ என்று மூப்பர் கேட்பார். யாருக்காவது பிணக்கு இருந்தால் மத்தேயு 18-இன்படி, முதலில் தனியாகவும் பிறகு சாட்சிகளோடும் கடைசியில் சபை முன்பும் பேசி, அதைத் தீர்க்க வேண்டும். தீராத பிணக்கோடு பந்திக்குப் போவதில்லை.

புதிதாகச் சேர்பவர் பிரசங்கம் முடிந்து பாட்டு ஓடும்போது தாமாக முன்னே வந்து தம் நம்பிக்கையைச் சொல்வார். சபை வாக்களித்து ஏற்கும். ‘இப்போதே முன்னே வாருங்கள்’ என்று கெஞ்சி அழைக்கும் வழக்கம் இல்லை. இது அலட்சியம் என்று புதிதாகப் போகிறவர்கள் நினைக்கிறார்கள், அது தவறு. உலகத் தோற்றத்துக்கு முன்பே தேவன் தம் மக்களைத் தெரிந்துகொண்டார், மறுபிறப்பு அவர் செயல் மட்டுமே என்று நம்புகிறவர்கள், மனித வற்புறுத்தலால் அது நடக்கும் என்று எப்படி எண்ணுவார்கள்?

ஞானஸ்நானம் முழுக்குதான். குழந்தைகளுக்குக் கிடையாது. வேறு பிரிவில் முழுக்கு எடுத்தவரும் இங்கே சேர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும். ஆற்றில் என்றால் முதலில் கோலால் ஆழம் பார்த்து இடுப்பளவு நீரில் நிற்பார்கள். முழங்காலை மடக்கிப் பின்னால் சாய வேண்டும். பயத்தில் காலைத் தூக்கினால் உடம்பு மிதந்து, முகம் மூழ்காமல் போகும்.

———

இந்தப் பிரிவின் தோற்றத்துக்கு இந்தியாவோடு ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சன் 1812-இல் கல்கத்தாவில்தான் முழுக்கு எடுத்து பாப்டிஸ்ட் ஆனார். அதே மிஷனரிக் குழுவில் வேறு கப்பலில் வந்த லூதர் ரைஸும் அங்கேயே மாறினார். ரைஸ் ஊர் திரும்பி ஆதரவு திரட்டினார். 1814-இல் அமெரிக்க பாப்டிஸ்டுகளின் தேசிய மிஷன் அமைப்பு பிறந்தது. இப்படிப்பட்ட சங்கங்களுக்கும் சந்தா முறைக்கும் வேத ஆதாரம் எங்கே என்று கேட்டவர்களே இந்தப் பிரிவின் முன்னோர். அவர்கள் 1832-இல் மேரிலாந்தின் பிளாக் ராக்கில் கூடி அறிக்கை வெளியிட்டார்கள். சுவிசேஷம் பரவுவதை அவர்கள் எதிர்க்கவில்லை. சபைக்கு வெளியே எழும்பும் அமைப்பைத்தான் எதிர்த்தார்கள்.

முதல் பதிவுக்கு ஒரு திருத்தம்: எல்லாச் சபைகளும் அப்படி இல்லை. 1907-இல் அலபாமாவின் ஹண்ட்ஸ்வில்லில் தொடங்கிய கறுப்பின மக்களின் தேசிய பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் கன்வென்ஷனில் ஞாயிறு பள்ளியும் வாத்தியமும் உண்டு. இன்னொன்று: பல சிறிய சபைகள் மாதத்தில் குறிப்பிட்ட ஒரு ஞாயிறு மட்டுமே கூடும். போவதற்கு முன் அது எந்த ஞாயிறு என்று கேட்டுவிடுங்கள், மற்ற வாரங்களில் கதவு பூட்டியிருக்கும்.