பெரியம்மா சொன்ன ‘உம்’ எங்கே போனது?

2018 ஜூன் மாதம், எட்டுவழிச்சாலைக்காக குப்பனூர் பக்கம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்த சமயம். சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய் என்று படித்தபோது ஏதோ அரசாங்கக் கணக்காகத்தான் தெரிந்தது, பெரியம்மாவின் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் கல் விழுகிற வரைக்கும்.

ஒரு இணைய நாளிதழிலிருந்து ஒரு பையன் வந்தான். பத்திரிகையின் பெயர் வேண்டாம், முகப்பிலேயே ‘நடுநிலை’ என்று போட்டுக்கொள்கிறவர்கள். மோர் குடித்துவிட்டு அரைமணி நேரம் போனில் பதிவு செய்தான். பெரியம்மா சொன்னது இதுதான்: “நல்ல வெல குடுத்தாலும் இந்தக் காட்டத் தரமாட்டேனுங்க.” மறுநாள் வந்த தலைப்பு: ‘நல்ல விலை கொடுத்தால் நிலம் தரத் தயார்’. கீழே பெரியம்மா எதற்கோ சிரித்த படம். கொடுத்தாலும் என்பதில் இருந்த ‘உம்’ எங்கே என்று போன் போட்டுக் கேட்டேன். “நான் எழுதி அனுப்பினது வேறண்ணா, தலைப்பெல்லாம் மேல வைக்கறது” என்றான். பாவம், அவனிடம் கத்தி என்ன ஆகப்போகிறது.

அடுத்த வாரம் சாலையை எதிர்த்து எழுதுகிற தளம் ஒன்றில், பெரியம்மா மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று வந்தது. அன்றைக்குக் காலையில்தான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தார். ஆனால் அதைப் படித்து வீட்டில் யாருக்கும் கோபம் வரவில்லை, எனக்கும்தான்.

அப்பா டீக்கடையில் திமுகவின் முரசொலியும் படிப்பார், மார்க்சிஸ்ட் கட்சியின் தீக்கதிரும் படிப்பார். கையில் எடுக்கும்போதே யார் வீட்டுக்குள் நுழைகிறோம் என்று தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி கழித்துப் படிக்கலாம். இந்த ‘நடுநிலை’க்காரர்களிடம் எதைக் கழிப்பது என்றே தெரியவில்லை. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தபோது, அவர்கள் தளத்தில் கிரிக்கெட்டுக்குக் கீழே நாலு வரி. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசின் அறிவிப்பு செல்லும் என்றபோது சாயங்காலம் வரை அதுதான் முதல் செய்தி. இந்த இரண்டு செய்தியிலும் எழுதியது எதுவும் பொய் இல்லை, எங்கே வைத்தார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போதெல்லாம் யாராவது போனை நீட்டினால், “எந்தக் கட்சி பேப்பருங்க கண்ணு?” என்று கேட்டுவிட்டுத்தான் பெரியம்மா வாயைத் திறக்கிறார். அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதிலே இல்லை. உங்களில் யாருக்காவது இப்படிக் கேட்டுத் திருத்தம் போட்டுக் கொடுத்திருக்கிறார்களா?