இரண்டு சப்ளையர் இருந்தும் லைன் நின்றது: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்

லித்தியம் அயன் செல் தயாரிக்கும் ஆலையில் கொள்முதல் பிரிவில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். நீங்களும் பட்டதை எழுதினால் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு உதவும்.

செல்லின் எதிர்மின்முனையான ஆனோடுக்கு வேண்டிய கிராஃபைட்டை இரண்டு பேரிடம் வாங்கிக்கொண்டிருந்தோம், ஆளுக்குப் பாதி. இருவரும் வேறு வேறு நாட்டுக்காரர்கள், ஒருவர் கைவிட்டாலும் இன்னொருவர் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்தோம். 2023 அக்டோபர் 20, வெள்ளிக்கிழமை. பேட்டரிக்குப் போகும் கிராஃபைட் வகைகளுக்கு டிசம்பர் 1 முதல் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்று சீனா அறிவித்தது. திங்கட்கிழமை காலை முதலாமவரைக் கூப்பிட்டேன். "உருண்டையாக்கின கிராஃபைட்டை அங்கிருந்து எடுத்துத்தான் நாங்கள் மேல்பூச்சு போடுகிறோம், உரிமம் வந்தால்தான் சரக்கு" என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். ஒரு வாரம் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, இருவருக்கும் கொடுப்பது ஒரே ஆலை. வாய்க்கால் இரண்டு, மடை ஒன்று.

கிராஃபைட் மொசாம்பிக், மடகாஸ்கர், பிரேசில் என்று பல இடங்களில் வெட்டி எடுக்கப்படுகிறது, அதனால் சுரங்கங்களை எண்ணிப் பார்த்தால் பயமே வராது. ஆனால் பேட்டரித் தரத்துக்குச் சுத்தப்படுத்தி உருட்டும் வேலையில் 90 சதவீதத்துக்கு மேல் சீனாவில்தான் நடக்கிறது. நாங்கள் இந்த நடுக்கட்டத்தைப் பார்க்கவே இல்லை. உரிமம் வந்து சேர்வதற்குள் கையிருப்பு தீர்ந்து, செப்புத் தகட்டில் கிராஃபைட் கலவையைப் பூசும் ஒரு கோட்டிங் லைன் பதினொரு நாள் நின்றது. இப்போது ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறோம்: ஒவ்வொரு கட்டமும் எந்த ஆலையில் நடக்கிறது, மாற்றினால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும் என்று. தொழில் ரகசியம் என்று முதலில் எல்லாரும் முரண்டு பிடிப்பார்கள். விடாமல் கேளுங்கள், கொடுத்துவிடுவார்கள்.

மறுமொழி (செல் ஆய்வகம்):

அண்ணா, நீங்கள் சொன்னதற்கு அடுத்த பாதி எங்கள் மேஜையில்தான் வந்து விழும். அதே சமயத்தில் எங்கள் ஆலையிலும் அவசரமாக மூன்றாவது ஒருவரிடம் கிராஃபைட் வாங்கிக் கொடுத்து, "சான்றிதழில் துகள் அளவு ஒன்றுதானே, நாளைக்கே ஓட்டுங்கள்" என்றார்கள். துகள் அளவு ஒன்றுதான், ஆனால் துகள்களின் மேற்பரப்பளவு அதிகம். கலவை வழக்கத்தைவிடக் கெட்டியாக வந்தது. பம்ப் இழுக்கவில்லை என்று லைனில் இருந்தவர்கள் கொஞ்சம் தண்ணீர் சேர்த்துவிட்டார்கள். பார்வைக்கு நல்ல கறுப்புத் தகடுதான். காய்ந்த பிறகு டேப் ஒட்டி இழுத்தால், பூச்சு மொத்தமும் டேப்போடு வந்துவிட்டது, கீழே செப்புத் தகடு பளபளவென்று தெரிகிறது. தண்ணீர் ஆவியாகும்போது, துகள்களை ஒட்ட வைக்கும் பசையான பைண்டரும் மேலே ஏறிவிட்டது, அடியில் பிடிப்பு இல்லை.

பைண்டர் அளவையும் உலர்த்தும் சூட்டையும் மாற்றி அதைச் சரி செய்ய மூன்று வாரம் ஆனது. ஆனால் ஆயுள் சோதனையை யாராலும் அவசரப்படுத்த முடியாது. செல்லில் மின்சாரம் ஏற்ற ஒரு மணி நேரம், இறக்க ஒரு மணி நேரம் என்று வைத்தாலே 1000 சுற்றுக்கு 83 நாள், நடுவில் ஓய்வையும் சேர்த்தால் மூன்று மாதம் தாண்டும். வண்டிக் கம்பெனி ஒப்புதல் அதற்கப்புறம். அதனால் மாற்று ஆளை நெருக்கடி வருமுன்பே சோதித்து முடித்துவிடுங்கள், முடித்த பிறகும் பத்து சதவீத ஆர்டரையாவது அவருக்குத் தொடர்ந்து கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஒரு வருஷத்தில் அவரும் ஏதாவது மாற்றியிருப்பார், நம் ஆட்களும் மறந்திருப்பார்கள்.

மறுமொழி (ஸ்டோர்ஸ்):

ஆறு மாதச் சரக்கை வாங்கி அடுக்கிவிடலாம் என்று எல்லா மீட்டிங்கிலும் ஒருவர் சொல்வார். கிராஃபைட்டுக்குச் சரி. செல்லுக்குள் ஊற்றும் திரவமான எலக்ட்ரோலைட்டில் இருக்கும் லித்தியம் உப்பு, ஈரம் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற நச்சுப் பொருளை உண்டாக்கும், அந்த டிரம்மை ஆசைக்கு அடுக்க முடியாது. நேர்மின்முனையான கேத்தோடுக்குப் போகும், நிக்கல் அதிகமுள்ள பவுடரும் அப்படித்தான். ஒரு தடவை மூட்டையின் உள்பையில் சின்னக் கிழிசல், யாரும் கவனிக்கவில்லை. ஈரம் ஏறிய பவுடரைக் கலவையில் போட்டதும் தொட்டி முழுக்கத் தயிர் மாதிரி உறைந்து, கரண்டியால் வழித்து எடுத்தோம். அதற்கப்புறம் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக நாள் கணக்கு வைத்திருக்கிறோம், எல்லாவற்றுக்கும் ஒரே விதி கிடையாது.

மறுமொழி (ஓய்வு பெற்றவர்):

தம்பிகளா, லித்தியம், கோபால்ட், நிக்கல் என்று எல்லாரும் பெரிய பெயர்களையே பார்க்கிறீர்கள். 2011 மார்ச் ஜப்பான் நிலநடுக்கத்தில் எங்களை உலுக்கியது அவை எதுவும் இல்லை, பிவிடிஎஃப் என்ற பைண்டர். ஒரு செல்லில் அது இருப்பது சில சதவீதம்தான். குரேஹா நிறுவனத்தின் இவாகி ஆலை ஃபுகுஷிமா மாகாணத்தில் இருந்தது, பேட்டரிக்கான பிவிடிஎஃப்பில் உலகச் சந்தையின் ஏறக்குறைய 70 சதவீதம் அவர்கள் கையில். ஆலை நின்றதும் உலகம் முழுக்கத் தேடினோம். கிடைத்த மாற்றுப் பொருளோ எங்கள் கலவையில் கரையவே மணிக்கணக்கில் இழுத்தது. பத்து வருஷம் கழித்து 2021-இலும் அதே பொருள் விலை ஏறியது, இந்த முறை அதன் மூலப்பொருளான ஆர்142பி வாயுவுக்குத் தட்டுப்பாடு. விலையைப் பார்த்து வரிசை போடாதீர்கள். எது இல்லாவிட்டால் லைன் நிற்கும், மாற்ற எத்தனை மாதம் ஆகும், அதை வைத்து வரிசை போடுங்கள்.

முதலில் எழுதியவர்:

ஐயா, படித்துவிட்டு, எந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் போட்டு வைத்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். கிராஃபைட்டுக்குச் சுரங்கம் வரை ஐந்து கட்டமும் நிரப்பி வைத்திருக்கிறோம். பிவிடிஎஃப் வரிசையில் முதல் கட்டத்தில் விற்பவர் பெயர் மட்டும் இருக்கிறது, அதற்குப் பின்னால் எல்லாம் காலி. நாளைக் காலை முதல் போன் அவருக்குத்தான்.