நாயுடன் செல்லக்கூடிய மதுச்சாலை, திறந்தவெளி உணவகம்: உங்கள் அனுபவங்கள்

கொக்குவில் வாசி:
நாய்களை வரவேற்பதாகப் பலகை வைத்திருந்த அந்த இடத்திற்கு ஒரேயொரு படலைதான் இருந்தது. நாங்கள் உள்ளே நுழைகையில் ஒருவர் தமது அல்சேஷனுடன் வெளியே வந்தார். ஒடுங்கிய அந்த நடையில் இரண்டு நாய்களும் முகத்துக்கு முகம் நின்றன, ஒதுங்க இடமில்லை. எங்களுடையது கழுத்துப்பட்டியை உருவிக்கொண்டு பலாலி வீதிக்குப் பாய, பஸ் ஒன்று சில்லுகள் கிறீச்சிட நின்றது. நாய் தப்பியது. சற்று இடைவெளி விட்டு இரண்டு படலைகள் போட்டு, முதலாவதை மூடிய பின்னரே அடுத்ததைத் திறப்பது என்று வைத்திருந்தால் அது வீதியை எட்டியே இராது.

சுன்னாகத்துக்காரர்:
படலையைப் பற்றிப் பேசுகிறோம், தரையை யாரும் பார்ப்பதில்லை. சித்திரை வெயில், சீமெந்துக் கல் பதித்த முற்றம். எங்கள் நாய் கால் மாற்றி மாற்றித் தூக்கி, கடைசியில் என் செருப்பின் மேல் ஏறி நின்றது. புறங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தேன், வைத்திருக்க முடியவில்லை. பக்கத்திலேயே வேப்பமரமும் அதன் கீழே வெறும் மணலும் இருந்தன. ஒரு மேசைகூட அங்கே போடப்படவில்லை.

கிணற்றடி:
மேலே எழுதியவருடன் நான் உடன்படவில்லை. நிழல் சரி, மணல் சரியல்ல. நாயின் மலம் கலந்த ஈரமணலில் கொக்கிப்புழுவின் குடம்பிகள் வளரும்; வெறுங்காலுடன் ஓடும் பிள்ளைகளின் தோலுக்குள் அவை புகுந்துவிடும். நிழலின் கீழ் சொரசொரப்பான சீமெந்துத் தரையைச் சரிவாகப் போட்டுக் கழுவுவதே நல்லது. ஆனால் நமது யாழ்ப்பாணத்தின் நிலத்தடி சுண்ணாம்புக்கல் என்பதால் அழுக்கு நீர் விரைவாக இறங்கிவிடும். ஆகவே கழுவுநீரைக் கிணற்றுப் பக்கம் விடவே கூடாது. என் அனுபவம் சிறியது: அடுத்த மேசைக் குழந்தை தனது கொத்துரொட்டியை எங்கள் நாய்க்கு ஊட்டியது, நான் தட்டிவிட்டேன், தாய் கோபித்துக்கொண்டார். அதிலுள்ள வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதை அவருக்கு யார் சொல்வது? உணவுப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும். சமைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதையும் சேர்க்கலாம். தண்ணீர்க் கோப்பையை ஒவ்வொரு நாய்க்கும் கழுவி வைக்க வேண்டும். சங்கிலி மாட்ட மேசைதோறும் கொக்கி இருக்க வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையை வாயிலில் கேட்பதற்குக் கூச்சப்படக் கூடாது.

நல்லூர் மருமகள்:
அண்ணா, கேட்காமலேயே கட்டட வரைபடம் போட்டுத் தந்துவிட்டீர்கள். எனக்கு மறக்க முடியாதது வேறு. மதுப் பக்கத்திலிருந்து தள்ளாடி வந்த ஒருவர் பியரைச் சாம்பல் தட்டில் ஊற்றி எங்கள் குட்டியின் வாயருகே நீட்டினார், சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். சிறிதளவு மதுவே குட்டிக்கு நஞ்சாகும். மது விற்காத போயா (பௌர்ணமி) தினத்தில் அதே இடத்திற்குப் போனபோது குட்டி மேசைக்குக் கீழே நிம்மதியாக உறங்கியது. இரண்டு பகுதிக்கும் நடுவில் கிடுகு வேலியாவது தேவை என்பது என் கருத்து. கொக்கி விடயத்தில், அதை மேசைக் காலில் பூட்டாமல் தரையில் பதிக்கச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் மேசையை நண்டுக் கறியோடு இழுத்துக்கொண்டு பூனைக்குப் பின்னால் ஓடிய ஒரு நாயை நான் பார்த்திருக்கிறேன்.