ரிமோட் சர்வரில் சொந்தக் கெர்னல்: மேக் இன்ஸ்டால் போதுமா?

புதுத்தறி:
டெபியன் (லினக்ஸ்) சர்வர், எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து நுழையும் இணைப்பு) வழி மட்டுமே அணுக முடியும். 6.12 கெர்னலை (லினக்ஸின் மையநிரல்) மூலத்திலிருந்து கம்பைல் செய்து போட வேண்டும். திட்டம்: லோக்கல்மாட்கான்ஃபிக் (அமைப்பைச் சுருக்க), மேக் (கட்ட), மாட்யூல்ஸ்_இன்ஸ்டால், இன்ஸ்டால் (நிறுவ), ரீபூட். எங்கே இடிக்கும்?

கரிக்கோடு:
முதல் படியிலேயே இடிக்கும். லோக்கல்மாட்கான்ஃபிக் அந்த நிமிஷம் ஏறியிருக்கிற மாட்யூலை (டிரைவர் மாதிரி தனியா ஏறுற கெர்னல் துண்டு) மட்டும்தான் வச்சுக்கும். யூஎஸ்பி டிஸ்க் செருகலையா, அதோட டிரைவர் போச்சு. பேசாம /பூட்ல இருக்கிற பழைய கன்ஃபிக்கை நகலெடுத்து ஓல்ட்டெஃப்கான்ஃபிக் ஓட்டுங்க (புது விருப்பங்களுக்கு இயல்பு மதிப்பு போடும்). கூடவே சிஸ்டம்_டிரஸ்டட்_கீஸ் (நம்பகச் சான்றிதழ் கோப்பைச் சொல்ற அமைப்பு) மதிப்பைக் காலி பண்ணிடுங்க. டெபியனோட சான்றிதழ் கோப்பு மூலத்துல இருக்காது, பில்டு பாதியில நிக்கும். கடைசில மேக் இன்ஸ்டால் வேண்டாம், பின்டெப்-பிகேஜி (கெர்னலை டெபியன் பேக்கேஜா கட்டும்). அன்இன்ஸ்டால் இல்லாத வழியில சர்வரைத் தொடக்கூடாது.

மூலநிரலான்:
ஒரே ஒரு சர்வருக்காக, உலகத்தில் உள்ள எல்லா வன்பொருளுக்கும் ஆயிரக்கணக்கில் மாட்யூல் கட்டச் சொல்கிறீர்கள். அன்இன்ஸ்டால் ஒரு பிரச்சினையா? /பூட்டில் நான்கு கோப்புகள், /லிப்/மாட்யூல்ஸில் ஒரு அடைவு. அழித்துவிட்டு அப்டேட்-க்ரப் ஓட்டினால் முடிந்தது. டெபியனில் மேக் இன்ஸ்டாலே இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பு), க்ரப் (கெர்னலைத் தேர்ந்து ஏற்றும் பூட்லோடர்) இரண்டையும் புதுப்பித்துவிடும்.

கரிக்கோடு:
லோக்கல்வெர்ஷன் (பதிப்பு எண்ணோட ஒட்டுற சொந்தப் பெயர்) போடாம அதே பதிப்பை ரெண்டாம் தடவை கட்டினா? பழைய விஎம்லினஸ் (கெர்னல் கோப்பு) .ஓல்ட்னு மிஞ்சும், அதுக்கான மாட்யூல் மேலெழுதப்பட்டிருக்கும். திரும்பிப் போற வழி அடைஞ்சாச்சு.

மூலநிரலான்:
பேக்கேஜிலும் அதே கதைதான். ஒரே பெயரில் வந்தால் பழையதன் மேல்தான் ஏறும். லோக்கல்வெர்ஷன் இரு வழிக்கும் கட்டாயம். இதை வைத்து பேக்கேஜ் உயர்ந்தது என்று சொல்ல முடியாது.

கரிக்கோடு:
சரி, அது எனக்கு எதிரா போயிடுச்சு. டிபக்_இன்ஃபோவுக்கு (பிழை தேட உதவுற கூடுதல் தகவல்) என்ன சொல்றீங்க? டிஸ்ட்ரோ கன்ஃபிக்ல அது ஆன்ல இருக்கும். மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் மாட்யூல்ல இருந்து அந்தத் தகவலை உரிக்காம அப்படியே வைக்கும், இனிட்ராம்எஃப்எஸ் நூத்துக்கணக்கான எம்பிக்கு ஊதும், 500 எம்பி /பூட் நிரம்பி அது முழுசா எழுதப்படாது. அதோட ரீபூட் பண்ணினா ரூட் மவுண்ட் ஆகாம பேனிக் (கெர்னல் அப்படியே நின்னுடும்). பின்டெப்-பிகேஜி டிபக் தகவலைத் தனி பேக்கேஜா பிரிச்சுடும்.

மூலநிரலான்:
மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலுடன் இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1 என்று ஒரு சொல் சேர்த்தால் போதும், உரித்தே வைக்கும்.

இராக்காவல்:
கோப்பை எப்படி வைப்பது என்றே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ரீபூட் அடித்த பிறகு சர்வர் திரும்பி வராவிட்டால்? அப்டேட்-க்ரப் புதிய பதிப்பை மெனுவின் தலையில் வைக்கும். க்ரப்_டீஃபால்ட் 0 என்றால் ஒவ்வொரு முறையும் அதுதான் எழும். அதை சேவ்ட் என்று மாற்றி, க்ரப்-செட்-டீஃபால்ட் கொண்டு பழைய கெர்னலை நிலையாக வையுங்கள். துணைமெனுவில் இருந்தால் இரு பெயருக்கும் நடுவே > குறி வேண்டும். பிறகு புதியதை க்ரப்-ரீபூட் மூலம் ஒரே ஒரு முறைக்கு. கெர்னல் வரியில் பேனிக்=10 சேருங்கள்; விழுந்தால் 10 வினாடியில் தானே ரீபூட் ஆகிப் பழையது எழும்.

மூலநிரலான்:
/பூட் எல்விஎம்மில் (வட்டைத் தருக்கப் பகுதிகளாகப் பிரிக்கும் அமைப்பு) இருந்தால் க்ரப்பால், தேர்வைக் குறித்து வைக்கும் க்ரப்என்வ் கோப்பில் எழுத முடியாது. "ஒரு முறை" அழியாது. விழுந்த கெர்னலே மறுபடி மறுபடி எழும்.

இராக்காவல்:
உண்மை. அங்கே இந்த உத்தியை நம்பக்கூடாது. /பூட் தனியாக சாதாரண எக்ஸ்ட்4 பார்ட்டிஷனாக இருக்க வேண்டும். செக்யூர் பூட்டையும் (கையொப்பமிட்ட கெர்னலை மட்டும் ஏற்றவிடும் காப்பு) மோக்யூட்டில் கட்டளை கொண்டு முதலில் பாருங்கள். ஆன் என்றால் கையொப்பமில்லாத கெர்னல் ஏறவே ஏறாது, அதனால் பேனிக்=10 அங்கே உதவாது. சாவியைப் பதிவு செய்யும் திரைக்கும் கன்சோல் (சர்வரின் நேரடித் திரை, விசைப்பலகை) வேண்டும்.

இன்னொன்று, லோக்கல்மாட்கான்ஃபிக் பிரியர்களுக்காக. நெட்வொர்க் டிரைவர் விடுபட்டால் பேனிக் வராது. சர்வர் நன்றாக ஓடும், நம்மால்தான் உள்ளே போக முடியாது. எனவே பூட் ஆனதும் ஷட்டவுன் -ஆர் +15 ஓட்டும் சிஸ்டம்டி யூனிட் (பூட்டில் தானே ஓடும் பணிக்கான கோப்பு) ஒன்றை முன்பே வையுங்கள். உள்ளே நுழைய முடிந்தால் ஷட்டவுன் -சி அடித்து ரத்து செய்து, யூனிட்டையும் எடுத்துவிடலாம். முடியாவிட்டால் 15 நிமிடத்தில் பழைய கெர்னல். அதிலும் யூனிட் ஓடும், அங்கேயும் ரத்து செய்ய மறக்காதீர்கள்.

மூலநிரலான்:
15 நிமிட யூனிட்டை ஏற்கிறேன். லோக்கல்மாட்கான்ஃபிக்கை விடுவதாக இல்லை. எல்எம்சி_கீப் மாறியில் டிரைவர்ஸ்/நெட், டிரைவர்ஸ்/யூஎஸ்பி, எஃப்எஸ், நெட்/நெட்ஃபில்டர் பாதைகளை முக்காற்புள்ளியால் பிரித்துக் கொடுங்கள். அவற்றில் எதையும் வெட்டாது.